ஆகாயத் தூரமும் பிரயாண நேரமும்

(கீழ்பென்னாத்தூரில் மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த சபையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விமான நிலையம் என்பதே இல்லாத ஒரு ஊரில், மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே வெள்ளைக் கோடு கிழித்துச் செல்லும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு ஆகாயப் பிரயாணத்துக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் முடிந்துவிடுகிறது என்று பலர் நினைக்கக்கூடிய ஒரு ஊரில், இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அதைக் கடக்க ஆகும் நேரத்தையும் பற்றிப் பேசவேண்டும் என்று நானே விரும்பிக் கேட்டுக்கொண்டு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். இந்த ஊரிலே சிங்கப்பூரில் பிள்ளை இல்லாத தெரு ஒன்றுகூட இராது என்பதும், அந்தப் பிள்ளை புறப்படும் இரவில் வீட்டில் எவருக்கும் தூக்கம் பிடிப்பதில்லை என்பதும் நான் அறிந்த விஷயம். ஆகவே இது நமக்கு அந்நியமான பொருள் அன்று.

தூரம் வேறு, நேரம் வேறு என்பதை நம்மைப்போல் காலால் அறிந்தவர்கள் குறைவு. இங்கிருந்து மேற்கே சற்றுத் தொலைவில் நிற்கும் அருணாசல மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சாதாரண நாளில், விடியற்காலைக் குளிர்ச்சியில் புறப்பட்ட ஒருவர் மூன்றரை அல்லது நான்கு மணி நேரத்தில் அதைச் சுற்றி வந்துவிடுகிறார். சித்திரைப் பௌர்ணமியன்றோ, கார்த்திகைத் தீபத்தன்றோ, அதே மனிதர், அதே கால்களோடு, அதே பாதையில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் நடக்கிறார். மலை வளர்ந்துவிடவில்லை; பாதை நீண்டுவிடவில்லை. இந்த எளிய அனுபவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், விமான நிலைய அறிவிப்புப் பலகையில் காணும் எண்களை ஏமாறாமல் படிக்கமுடியும்.

இந்தப் பொருளில் எனக்கு அக்கறை பிறந்த சந்தர்ப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பூகோளம் கற்பிக்கும் ஆசிரியனாயிருந்த காலத்தில், நம் மாவட்டத்து இலங்கை அகதிகள் முகாம் ஒன்றிலிருந்து என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுவனை அழைத்துப்போக அவனுடைய பாட்டியார் மாலையில் வருவார். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்கு அருகே பிறந்து வளர்ந்த அந்த அம்மையார், ஒருநாள் வகுப்பறைச் சுவரில் தொங்கிய படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இஞ்சயிருந்து எங்கட ஊர் எவ்வளவு தூரம், மாஸ்டர்?” என்று கேட்டார். அன்று நான் படத்தின்மேல் நூலை வைத்து அளந்து ஒரு விடை சொன்னேன். அதற்கு அவர் சொன்ன மறுமொழியைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னே, நூலை வைத்து அளந்தால் விடை வரும் என்ற நிலைமை எப்படி உண்டாயிற்று என்பதை நீங்கள் அறியவேண்டும்.

சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கு அருகே பரங்கிமலை இருக்கிறது. விமானத்தில் ஏறப் போகிறவர்கள் அந்தச் சிறு குன்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் உலகத்தின் அளவைச் சாஸ்திரத்திலே அதற்கு ஒரு விசேஷ ஸ்தானம் உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, அந்த மலையின் அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை நிலத்தின்மேல் அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளந்த கருவி நூறு அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கம்பிகள் நாற்பதைக் கோத்துச் செய்த அந்தச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் சமமட்டமாகக் கிடத்தி, வெயிலில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும் என்பதனால் பக்கத்திலே வெப்பமானிகளை வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருத்தி, ஏறக்குறைய நானூறு தடவை அதைத் தூக்கித் தூக்கி வைத்து, அந்த ஏழரை மைலை அளந்து முடிக்க அவருக்கு 57 நாட்கள் ஆயின. காலாற நடந்தால் இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரம்! சித்திரை வைகாசி வெயிலில், நிழலில்லாத சென்னைப் புறவெளியிலே அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர்களும், கொடி பிடித்தவர்களும், சங்கிலியின் முனையைப் பற்றி நின்றவர்களும் நம் பக்கத்து மனிதர்களே. அவர்களில் ஒருவருடைய பெயரையும் நான் எந்த நூலிலும் கண்டதில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத குறை.

அந்த ஒரு கோட்டை அடித்தளமாகக் கொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போனால், மறுபடி சங்கிலியைத் தரையில் இழுக்காமலே ஒரு தேசத்தை அளந்துவிடலாம். கோணம் அளக்கும் கருவியோ அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, அதன் பித்தளை வட்டம் வளைந்துபோயிற்று. வேறொருவராயிருந்தால் புதிய கருவி லண்டனிலிருந்து வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார். லாம்டனோ கூடாரத்துக்குள் புகுந்து, ஆறு வாரம் பொறுமையாக, மயிரிழை மயிரிழையாக அந்த வட்டத்தைப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்தார். அவர் ஓர் ஆட்சியின் சேவகர் என்பதையும், அந்த ஆட்சி நிலத்தை அளந்தது வரி வாங்கவும் படை நடத்தவும் உதவும் என்பதற்காகவே என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும் அந்தப் பொறுமையை வணங்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இந்த அளவையால் பெற்ற பலன் வெறும் தேசப்படம் மட்டும் அன்று. பூமி சரியான உருண்டை அன்று, துருவங்களில் சற்றே தட்டையானது என்பது அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. எவ்வளவு தட்டை என்பதை இன்னும் திட்டமாகச் சொல்லப் பூமத்தியரேகைக்கு அருகே ஒரு நீண்ட அளவை வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தது நம் தென்னாடு. இன்று நமக்குத் தெரியும்: நம் பிரதேசத்தில் ஒரு பாகை அட்சரேகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், துருவத்துக்கு அருகே அதுவே 111.7 கிலோமீட்டர். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே இவ்வளவு தூரம் என்று யாரேனும் ஓர் எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்குள்ளே பரங்கிமலையின் அந்த 57 நாட்கள் இருக்கின்றன.

மாணவர்களே, இப்போது நீங்களே ஒரு கணக்குப் போடலாம். சென்னை விமான நிலையத்தின் அட்சரேகை ஏறக்குறைய 12.99 பாகை வடக்கு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் அட்சரேகை ஏறக்குறைய 9.79 பாகை. இரண்டும் 80 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி, அநேகமாக ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக அமைந்திருக்கின்றன; ஆகவே கடினமான திரிகோண கணிதம் ஒன்றும் வேண்டியதில்லை. வித்தியாசம் 3.2 பாகை, அதை 110.6ஆல் பெருக்கினால் 354 கிலோமீட்டர் வருகிறது. விமானம் எழும்பும் திசை, காற்றின் திசை, வகுத்து வைத்த ஆகாயப் பாதைகள் ஆகியவற்றால் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும். ஆனால் பூமி நமக்குக் கொடுத்த தூரம் இதுதான்.

இதைவிட ஆச்சரியமான ஒன்றும் உண்டு. இந்தக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 290 கிலோமீட்டர்தான் வரும். அதாவது, சென்னையிலிருப்பவரைக் காட்டிலும் நாம் யாழ்ப்பாணத்துக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கிறோம். ஆயினும் நாம் அங்கே போகவேண்டுமானால், முதலில் செஞ்சி, திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வடகிழக்கே சென்று, போகவேண்டிய இடத்துக்குப் புறம் காட்டிப் பிரயாணத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது!

இனி நேரத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஆகாயத் தூரம் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். பலாலிக்கு அதில் பாதிக்குச் சற்று அதிகம். ஆனால் கால அட்டவணையைப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம், ஒன்றேகால் மணிக்கு முன்பின்னாகப் போட்டிருக்கிறார்கள். காரணம் என்ன? கொழும்புக்குப் போவது மணிக்கு 800 கிலோமீட்டருக்குக் குறையாமல் பறக்கவல்ல ஜெட் விமானம். பலாலிக்குப் போவது எழுபது பேரளவில் அமரக்கூடிய, சுழலிகள் பொருத்திய ஏ.டி.ஆர். விமானம், அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரளவு. வேகத்தால் வகுத்தால் பலாலிக்கு 43 நிமிஷம்தானே ஆகவேண்டும் என்று கேட்பீர்கள். அட்டவணையில் எழுதும் நேரம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் மட்டும் அன்று. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்த கணத்திலிருந்து, அக்கரையில் மறுபடி கட்டை வைக்கும் கணம் வரை உள்ள நேரம். ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போவதும், முன்னே நிற்கும் விமானங்கள் எழும்பக் காத்திருப்பதும், முழு வேகம் பெறாமல் மேலேறுவதும், வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்குவதும் அதில் அடங்கும். குறுகிய பிரயாணத்தில் இவையே பாதி நேரத்தை விழுங்கிவிடும்.

நீண்ட பிரயாணத்தில் அரசு செலுத்துவது காற்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில், கீழே தென்மேற்குப் பருவக்காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, பல கிலோமீட்டர் உயரத்தில் அதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பெருங்காற்று நம் தென்னிந்தியாவின்மேல் ஆறுபோல் ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி எழுதி உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கும் விமானத்தை 80 கிலோமீட்டர் காற்று எதிர்த்தால் சிங்கப்பூருக்கு 3 மணி 46 நிமிஷம். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் திரும்பி வர 3 மணி 7 நிமிஷம். கணக்குக்காகச் சொன்ன எண்கள் இவை. காற்று நாளுக்கு நாள் மாறும்.

இந்த வித்தியாசத்தோடு கடிகாரத்தின் வித்தியாசத்தையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. என் பக்கத்து வீட்டுத் தாயார் ஒருவர், “போகும்போது ராத்திரி பதினோரு மணிக்கு ஏறிக் காலையில ஆறு மணிக்கு எறங்கினான், வரும்போது ஒம்பது மணிக்கு ஏறி பத்தரைக்கே எறங்கிட்டான், வரும்போது மட்டும் அவ்வளவு வேகமாவா ஓட்டுறாங்க, வாத்தியாரே?” என்று கேட்டார். அறிவுள்ள கேள்வி அது. சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. 1982க்கு முன்னே அது இரண்டு மணிதான் முந்தியிருந்தது. நம்மிடத்திலேயே முன்பு சென்னை நேரம் என்று தனியாக ஒன்று, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியதாக, நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தைக் கொண்டு கணிக்கப்பட்டு, ரயில்களையெல்லாம் நடத்திவந்தது. அந்த நிலையத்தில் 1792இல் நிறுவிய கருங்கல் தூணில் வேறு மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்; சென்னைக்குப் போகும் மாணவர்கள் கடற்கரையைப் பார்ப்பதற்கு முன்னே அதைப் பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இலங்கையும் 1996இல் தன் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்து, 2006 ஏப்ரலில்தான் மறுபடி இந்திய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து ஆண்டுகளில் இங்கேயும் அங்கேயும் ஒரே சூரியன் ஏறக்குறைய ஒரே கணத்தில் உச்சிக்கு வந்தும், மணி வேறாயிருந்தது.

இப்போது அந்தச் சுன்னாகத்து அம்மையாரிடம் திரும்புகிறேன். நூலை வைத்து அளந்து, “முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவுதான், அம்மா” என்று நான் சொன்னேன். அவர் சற்றும் வியக்காமல், “எங்களுக்கு ஒன்பது மாசம் எடுத்தது, மாஸ்டர்” என்றார். 1995 அக்டோபர் 30ஆம் தேதி இரவு, போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே வீதியில் ஊரைவிட்டு வெளியேறியபோது அவரும் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். சாவகச்சேரியில் சில மாதம், கிளாலிக் கடலைத் தாண்டி வன்னிக்காட்டில் சில மாதம், மன்னார்க் கரையில் வள்ளத்துக்காகச் சில வாரம், பிறகு ஓர் இரவு கடல், பிறகு தனுஷ்கோடி மணல். பூமியின்மேல் அந்தத் தூரம் லாம்டன் காலத்தில் என்னவோ அதுதான் அன்றும்.

இந்தப் பிரயாணம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னை எழும்பூரில் மாலையில் போட் மெயிலில் ஏறியவர், தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறி, இரண்டாம் நாள் விடியலில் கொழும்பில் இறங்கினார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி நடந்தது. ஆகாய வழியோ, இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த பலாலித் தளத்தைக் கொண்டு, அதற்குள் வந்துவிட்டது. ஏர் சிலோன் ஸ்தாபனத்தின் முதல் பிரயாணமே, 1947 டிசம்பர் 10ஆம் தேதி, இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்கு வந்ததுதான். ஜெட் விமானம் என்பதே பிரயாணிகள் அறியாத அந்தக் காலத்தில், சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சில மணி நேரம்தான் இருந்தது. பின்னர் விமானம் நூறு மடங்கு முன்னேறிற்று. எண்பதுகளின் போர் வந்து, அந்தச் சில மணி நேரம் எட்டாத காலமாயிற்று.

போர் ஓய்ந்தபின், 2011இல் அந்த அம்மையார் ஊருக்குத் திரும்பினார். சென்னையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பஸ்ஸில் வடக்கே வந்தார். அவர் எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். விமானத்தின் சன்னலோரத்தில் இருந்ததாகவும், ஒரு கரை தெரிந்ததாகவும், அது எங்கள் கரைதானோ என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டதாகவும், தன் ஊரின் பக்கமாகவே பறந்துபோய், ஓர் இரவு முழுவதும் பஸ்ஸில் அதே ஊருக்குத் திரும்பி வந்ததாகவும் எழுதியிருந்தார். சென்னையும் பலாலியும் கொழும்பும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அவர் எழுதியதன் பொருள் விளங்கும். பலாலிக்கு நேரே விமானம் விடுவார்களோ என்று கடைசி வரியில் கேட்டிருந்தார்.

2019 அக்டோபர் 17ஆம் தேதி பலாலி, யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் போகத் தொடங்கிற்று. தொற்றுநோய்க் காலத்தில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியபின், நானும் ஒருமுறை போய்வந்தேன். வழி நெடுக நேரத்தை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போனேன். கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து, விமான நிலையம் சேர 4 மணி நேரம். அங்கே சோதனைகளுக்காக முன்கூட்டி வந்து காத்திருந்தது 3 மணி நேரம். விமானத்தில் ஒன்றேகால் மணி. பலாலியில் பாஸ்போர்ட்டும் சுங்கமும் முடிய ஒரு மணி. அந்த அம்மையார் வீட்டுக்குப் போக முக்கால் மணி. ஆக 10 மணி நேரம். நேர்கோட்டில் 290 கிலோமீட்டரைப் பத்து மணியில் கடந்தால், மணிக்கு 29 கிலோமீட்டர். நல்ல சைக்கிள்காரர் ஒருவர் வெறும் சாலையில் மிதிக்கும் வேகம். பறந்த நேரமோ எட்டில் ஒரு பங்கு. மற்ற ஏழு பங்கும் சாலையாலும், பஸ் மாறும் இடத்தாலும், வரிசையாலும், சட்டத்தாலும் ஆனவை. அவற்றைக் குறைக்கப் புதிய விமானம் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. திண்டிவனம் சாலையில் ஒரு நெரிசலைத் தீர்த்தாலே, ஜெட் விமானம் மிச்சப்படுத்துவதைவிட அதிக நிமிஷம் இந்த ஊர்க்காரருக்கு மிச்சமாகும் என்பதை நம் பிரதிநிதிகளிடம் நாம் எண்களோடு சொல்லவேண்டும்.

அந்த அம்மையாருக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் குறிப்பேட்டை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். மூன்று மணி நேரக் காத்திருப்பு என்ற வரியில் விரல் நின்றது. “இவ்வளவு நேரமும் அங்க இருந்து என்ன செய்தனீங்கள், மாஸ்டர்?” என்று கேட்டார். பரங்கிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். எந்த மலை என்றார். அன்று மாலை முழுவதும், சங்கிலியும் பெட்டியும் 57 நாளுமாக, உங்களுக்குச் சொன்ன கதையையே அவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேசைமேல் ஒரு பூகோள உருண்டையும், நூற்கண்டும், அடிக்கோலும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். உருண்டையின் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்; இந்த விகிதத்தைக் கொண்டு நூலின் நீளத்தைக் கிலோமீட்டராக மாற்றலாம். தட்டையான படத்தில் நேர்கோடு போலத் தெரியும் வழி உருண்டையில் குறுக்குவழியாக இருக்கவேண்டியதில்லை என்பதை நூலை இறுக்கிப் பிடித்தால் நீங்களே காண்பீர்கள். உங்கள் வீட்டார் இருக்கும் ஊர் எதுவோ, சிங்கப்பூரோ, துபாயோ, கோலாலம்பூரோ, அங்கே ஒரு முனையை வையுங்கள். முன்வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைகள் முதலில் வரலாம்.